மைனஸ் நாலு

மார்ச் 26

இந்த டைரி அப்பாவின் உரக்கடைக்குக் கம்பெனிக்காரன் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் விவசாயிக்கு ஒரு புத்திமதி அச்சடித்திருக்கிறான். இன்றைக்குக் களை எடுக்கச் சொல்லியிருக்கிறான். எடுக்கிறேன்.

நாளை மறுநாள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஆரம்பம். எச்.எம். டீச்சர் எங்களை ஹாலில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் விதிமுறை வாசித்தார். ஹால் டிக்கெட் மறக்கக்கூடாது. ஸ்கெட்ச் பேனா கூடாது. கடைசியில் மிச்சமிருக்கும் வெற்றுப் பக்கங்களைக் குறுக்கே கோடு போட்டு அடிக்க வேண்டும். ஆனால் எழுதிய விடைகளை நாமே முழுக்க அடித்துவிட்டால் அது ஒழுங்கீனம், ரிசல்ட்டை நிறுத்திவிடுவார்கள், அடுத்த இரண்டு பருவம் தேர்வே எழுத முடியாது. இதை மட்டும் மூன்று முறை வாசித்தார். ஜெபா கொட்டாவி விட்டாள்.

பேச்சியம்மாள் வரவில்லை. வருமானச் சான்றிதழ் வாங்க அவள் அம்மாவோடு தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தாள். அறிவியலில் நூற்றுக்கு நூறு எடுத்தால் பதினொன்று, பன்னிரண்டு இரண்டையும் இலவசமாகப் படிக்கவைக்கிறேன் என்று ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடம் சொல்லியிருக்கிறதாம். அது கிடைக்காவிட்டால் அம்மா வேலை பார்க்கும் நூல் மில்லுக்குத்தான் போக வேண்டும். அவள் வீட்டில் போன் கிடையாது. பள்ளிக்கூடத்துச் செய்தி எதுவானாலும் என் வழியாகத்தான் அவளுக்குப் போகும்.

"பூர்ணிமா, பேச்சிகிட்ட எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொல்லிரு" என்றார் எச்.எம்.

"சரி டீச்சர்."

மார்ச் 27

பேச்சியிடம் தெருக்குழாயில் வைத்துச் சொன்னேன். ஹால் டிக்கெட், ஸ்கெட்ச் பேனா, வெற்றுப் பக்கம். அதற்குள் குடம் நிரம்பிவிட்டது. மீதியெல்லாம் அவளுக்குத் தெரியாமலா இருக்கும். வகுப்பில் இரண்டாவது ரேங்க் வாங்குகிறவள்தானே. முதல் ரேங்க் யார் என்று நான் எழுதத் தேவையில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

அறிவியல் முடிந்தது.

காலையில் கண்ணாடி முன் நின்று பத்து தடவை சொல்லிப் பார்த்தேன்: "வினாத்தாள் மிகவும் எளிமையாக இருந்தது. பாடப்புத்தகத்தை முழுமையாகப் படித்தவர்களுக்கு நூற்றுக்கு நூறு உறுதி." ஒவ்வொரு வருஷமும் அறிவியல் அன்று பேப்பர்க்காரர் வாசலில் வந்து நின்று மாணவிகள் கருத்துக் கேட்பார். போன வருஷம் பேசினவள் "ஈசியா இருந்துச்சு, டஃப்பா இல்ல" என்று உளறினாள். நான் அப்படி இல்லை.

வெளியே வந்தால் ஒரே சந்தைக்கடை. குழாயடியில் ஒருத்தி முகத்தைக் கழுவிக் கழுவி அழுகிறாள். மூன்று பேர் மிளகாய்ப்பொடி போட்ட மாங்காய் தின்றுகொண்டே ஒரு மார்க் கேள்விகளை எண்ணுகிறார்கள். ஜெபா வினாத்தாளால் விசிறிக்கொண்டு, "பாஸானா போதும், வேளாங்கண்ணிக்கு நடந்தே வாரேன்" என்கிறாள். நீ நடந்தால் உடம்பாவது குறையும் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், வேறு என்ன செய்வாள்.

பேப்பர்க்காரர் வந்தார். எச்.எம். என்னைத்தான் முன்னால் தள்ளினார். என் பையைப் பிடித்துக்கொண்டு பேச்சி பக்கத்தில் நின்றாள். நான் என் வாசகத்தை ஓர் எழுத்து பிசகாமல் சொன்னேன். அவர் பேச்சியையும் கேட்டார். "நல்லாருந்துச்சு சார்" என்றாள். அவ்வளவுதான். போட்டோ எடுத்துக்கொண்டார்.

பிறகு வேப்பமரத்தடியில் விடை சரிபார்த்தோம். கட்டாய வினா: ஒரு குழிலென்சின் குவியத்தூரம் 25 செ.மீ., அதன் திறன் என்ன. நான் 4 டையாப்டர் என்று எழுதியிருந்தேன்.

"மைனஸ் நாலுல்லா வரும்?" என்றாள் பேச்சி.

"எப்படிட்டி மைனஸ் வரும்? கேள்வியில மைனஸ் இருக்கா? காட்டு."

"இல்ல. ஆனா குழிலென்சுன்னா..."

"கேள்வியில இல்லாதத நீயா எங்கிருந்து கொண்டாந்த? வீட்டுலருந்தா?"

மரத்தடியே சிரித்தது. யார் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். மைனஸ் போட்டவள் ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை. முதல் ரேங்க் சொன்னால் அதுதான் விடை, எங்கள் வகுப்பில் அப்படித்தான். பேச்சி வினாத்தாளை நாலாக மடித்து, விரித்து, மறுபடி மடித்தாள்.

"அப்ப சென்டம் போச்சா பூர்ணி?"

"ரெண்டு மார்க்தானட்டி. தொண்ணூத்தெட்டு ஒண்ணும் கேவலம் இல்ல."

ஏப்ரல் 12, சனி

பேப்பர் வந்தது. போட்டோவில் பேச்சி முழுசாக நிற்கிறாள். பக்கத்தில் என் இடது கையும் பாதிச் சடையும். அடியில் போட்டிருக்கிறார்கள்: "மாணவி பேச்சியம்மாள் கூறியதாவது: வினாத்தாள் மிகவும் எளிமையாக இருந்தது. பாடப்புத்தகத்தை முழுமையாகப் படித்தவர்களுக்கு நூற்றுக்கு நூறு உறுதி."

என் வாசகம். ஓர் எழுத்து மாற்றமில்லை.

அம்மா காபியோடு வந்து எட்டிப் பார்த்தாள். அம்மா வேறொரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், யாரைப் பார்த்தாலும் மார்க் போடாமல் இருக்க முடியாது. "பேச்சி எவ்வளவு அழகா பேசியிருக்கா பாரு. ஒன்னைய எங்கடி காணோம்?"

சடையைக் காட்டினேன். அம்மா சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. எரிந்தால் என்ன, டைரியில் பொய் எழுத முடியாது.

மத்தியானம் வகுப்பு வாட்ஸாப் குரூப்பில் ஜெபா அந்தப் போட்டோவைப் போட்டு, அடியில் "மைனஸ் நாலு சென்டம்" என்று எழுதினாள். இருபத்திரண்டு பேர் சிரித்திருந்தார்கள். அந்தப் பெயரை முதலில் யார் சொன்னது என்று தெரியாது. ஜெபாவோடு போனில் பேசும்போது என் வாயிலிருந்து ஏதாவது வந்திருக்கலாம்.

சாயங்காலம் பேச்சி வந்தாள். குரூப்பில் டீச்சர் விடைக்குறிப்பு போட்டாரா என்று பார்க்கத்தான் வந்தாள். போனை அவள் கையில் கொடுத்தேன். அவள் மேலிருந்து கீழே வரை வாசித்தாள்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே. நீதான சொன்ன?"

"பேப்பர்ல உன் பேருல்லா இருக்கு."

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் கை வேர்த்திருந்தது. திரையைத் துடைக்க வேண்டியிருந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கு அனுசுயா டீச்சர் அறிவியல் விடைக்குறிப்பை அனுப்பினார். "பூர்ணி, பேச்சிக்கும் காட்டும்மா" என்று தனியாகவும் எழுதியிருந்தார். நான் சரியாகப் பார்க்கவில்லை. தலைவலி.

அம்மாவின் போனில் இடம் போதவில்லை என்று சில செய்திகளை அழித்தேன். துணி காயப்போட்டேன். சமூக அறிவியலில் நிலவரைபடம் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

பதினோரு மணிக்குப் பேச்சி வந்து படியில் உட்கார்ந்தாள்.

"டீச்சர் கீ போட்டாங்களா?"

"இன்னும் இல்லட்டி."

"காலையில கடைத்தெருவுல எச்.எம்.மப் பாத்தேன். அந்த ஹாஸ்டல்காரங்க பேப்பரப் பாத்துட்டு அவங்களுக்குப் போன் பண்ணாங்களாம். மார்க்கோட வந்துருங்கன்னு சொன்னாங்களாம். எங்க அம்மா அந்தப் பேப்பர மில்லுல எல்லாருக்கும் காட்டியிருக்கா. இப்ப தொண்ணூத்தெட்டுன்னு நான் எப்படிப் போய்ச் சொல்லுவேன்?"

அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். நாகர்கோவிலில் என் அத்தை மகள் ஒருத்தி. பத்தாம் வகுப்பில் ஒரு மார்க்கில் சென்டம் போய்விட்டது. கடைசிப் பரீட்சையில் எழுதினதையெல்லாம் கோடு போட்டு அடித்துவிட்டு வந்தாள். ஒரு பாடம் போனால் மொத்தமும் போன மாதிரி, ஜூலையில் ஐந்தையும் புதுசாக எழுதலாம். எழுதினாள், அறிவியலில் சென்டம் வாங்கினாள், இப்போது நர்சிங் படிக்கிறாள்.

"நெசமாவா? டீச்சர்ட்ட கேக்கட்டா?"

"கேளேன். விடுவாங்களா? நூறு சதவீதத் தேர்ச்சின்னு வாசல்ல போர்டு வைக்கணும்லா அவங்களுக்கு. ஒருத்தி பெயிலானாலும் போர்டு போச்சு."

அது அவளுக்குப் புரிந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கிற யாருக்கும் புரியும். சரியாகப் படிக்காத பிள்ளைகளை அரையாண்டிலேயே தனித்தேர்வராக எழுதச் சொல்லி அனுப்பிவிடுகிறவர்கள்தானே.

நான் ஒரு கதையைத்தான் சொன்னேன். செய் என்று சொல்லவில்லை. அதை இங்கே தெளிவாக எழுதிவைக்கிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடி, பருப்பு வடை. எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. அப்பா வீட்டுக்கு ஒரே பிள்ளை, கூடப் பிறந்தது யாரும் கிடையாது. பண்டிகை என்றால் எங்களுக்கு நாங்கள் மூன்று பேர்தான்.

அம்மா ஒரு தூக்கில் பச்சடி கொடுத்துப் பேச்சி வீட்டுக்கு அனுப்பினாள். என் இன்னொரு ஸ்டீல் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு போனேன். அவளுடைய பிளாஸ்டிக் ஸ்கேல் நுனி உடைந்தது, கோடு ஒழுங்காக வராது. வருஷப் பிறப்புக்கு என்று கொடுத்தேன்.

அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ இருக்கப் போய்த்தான் தாயி இவளுக்கு நாலு வெவரம் தெரியுது. எங்களுக்கு என்ன தெரியும்."

வாசல் வரை வந்த பேச்சி மெதுவாகக் கேட்டாள். "பக்கத்த அடிக்கும்போது ஹால்ல டீச்சர் என்னன்னு கேப்பாங்களா?"

"எதுக்குக் கேக்கப் போறாங்க. கடைசி பத்து நிமிஷம் எல்லாரும் வெத்துப் பக்கத்த அடிச்சிக்கிட்டுத்தான இருப்போம்."

பச்சடியில் வேப்பம்பூ ஒரு பிடி அதிகம் என்று அப்பா சொன்னார். எனக்குச் சரியாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 15, செவ்வாய்

சமூக அறிவியல். எழுதிவிட்டேன். நன்றாகவே எழுதினேன். வரைபடத்தில் எல்லாம் சரி.

ஆங்கில எழுத்து வரிசையில் பேரைப் பார்த்து உட்காரவைப்பதால் எனக்கு முன் பெஞ்சில் பேச்சி. இரண்டரை மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் எழுதினாள். எதற்கு எழுதுகிறாள் என்று நினைத்தேன். ஒருவேளை மனசு மாறிவிட்டதோ என்றும் நினைத்தேன். பிறகு புரிந்தது, சும்மா உட்கார்ந்திருந்தால் டீச்சர் வந்து கேட்பார்.

பத்து நிமிஷ மணி அடித்தது. ஹால் முழுக்க ஸ்கேல் சத்தம். எல்லாரும் கடைசிப் பக்கங்களுக்குப் போனார்கள். பேச்சி முதல் பக்கத்துக்குப் போனாள்.

ஸ்கேலை மூலைக்கு மூலை வைத்து, பேனாவை அழுத்தாமல், ஒரே கோடு. திருப்பினாள். அடுத்த பக்கம். அவளுக்கு எப்போதுமே கை சுத்தம். நான் கழுத்தைக் கொஞ்சம் நீட்டினால் போதும், தெரிந்தது. கோட்டுக்கு அடியில் எழுத்து அப்படியே இருந்தது. இரண்டாம் உலகப்போரின் விளைவுகள் என்று தலைப்புப் போட்டு எண் எண்ணாக எழுதியிருந்தாள். என்னைவிட இரண்டு பாயிண்ட் கூட.

மேற்பார்வை டீச்சர் எங்கள் வரிசையில்தான் நடந்து வந்தார். என் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். அவர் சேலை என் முழங்கையில் பட்டது. ஏற்கெனவே அடிக்கோடு போட்டிருந்த ஒரு தலைப்புக்கு இன்னொரு அடிக்கோடு போட்டேன். அவர் போய்விட்டார்.

வெளியே எல்லாரும் ஒருத்தர் சட்டையில் ஒருத்தர் மை தெளித்து ஆடினார்கள். நாலு நாளைக்கு அப்புறம் பேச்சி இன்றைக்குத்தான் சிரித்தாள்.

"அடிச்சுட்டேன் பூர்ணி. ஜூலையில பாரு, அஞ்சையும் அள்ளிருதேன்."

"நல்லா படி" என்றேன்.

ஏப்ரல் 16

விசேஷம் ஒன்றும் இல்லை. மிக்ஸி ரிப்பேர்.

ஏப்ரல் 28

பேச்சி வந்து என் கணக்கு கைடை இரவல் வாங்கிப்போனாள். காலை நாலு மணிக்கு எழுந்து முதல் பாடத்திலிருந்து மறுபடி படிக்கிறாளாம். லீவில் எல்லாரும் டிவி பார்க்கிறார்கள், இவளுக்கு மட்டும் பரீட்சை முடியவில்லை.

"நாகர்கோவில் அக்கா எந்த கைடு படிச்சாங்க, கேட்டுச் சொல்லுதியா?" என்றாள்.

கேட்கிறேன் என்றேன்.

மே 16, வெள்ளி

ரிசல்ட்.

நான் 491. பள்ளியில் முதல். அறிவியலில் 98.

அம்மா போனைக் கீழே வைக்காமல் கேட்டாள். "ரெண்டு மார்க் எங்கடி போச்சு?" அதற்கு அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். "பேச்சி எவ்வளவு?"

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எச்.எம். அறையில் கம்ப்யூட்டர் முன்னால் அனுசுயா டீச்சர் உட்கார்ந்திருந்தார். எதிரே பேச்சி. அவள் அம்மா மில் வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தாள், தலையில் பஞ்சுத்தூள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் வருமானச் சான்றிதழும் அந்தப் பேப்பரில் வந்த போட்டோவும். ரிசல்ட் வந்ததும் நேரே ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறுவதற்காகக் கொண்டுவந்திருந்தாள். மகள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை போல.

அனுசுயா டீச்சர் வாசித்தார். தமிழ் 97. ஆங்கிலம் 94. கணிதம் 99. அறிவியல் 100. எங்கள் பள்ளிக்கூடத்திலேயே அறிவியலில் ஒரே ஒரு நூறு.

சமூக அறிவியலுக்கு நேரே மார்க் இல்லை. நிறுத்திவைப்பு என்று இருந்தது.

"நூறா?" என்றாள் பேச்சி. "டீச்சர், நான் மைனஸ் நாலு போட்டிருந்தேன்."

"மைனஸ் நாலுதான்மா விடை. குழிலென்சுக்குக் குவியத்தூரம் மைனஸ்தான. கீயில போட்டு அனுப்புனேனே." சொல்லிவிட்டு டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

எச்.எம். அழவில்லை. கத்தினார். எதற்கு அடித்தாய், யார் சொன்னது, உனக்குப் பைத்தியமா, நூறு சதவீதம் போச்சு. பேச்சி அம்மாவுக்கு மெள்ளத்தான் விஷயம் ஏறியது. உறையை மடியில் வைத்துக்கொண்டு, "ரெண்டு பருவம்னா எத்தன மாசம் டீச்சர்?" என்று கேட்டாள். ஜூலையும் கிடையாது, அதற்கு அடுத்ததும் கிடையாது, அடுத்த வருஷம்தான், அதுவரை ஹாஸ்டல்காரன் இடத்தை வைத்துக்கொண்டிருக்க மாட்டான் என்று எச்.எம். சொன்னார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "பூர்ணிமா. அன்னைக்கு இவகிட்ட எல்லாத்தையும் சொல்லுன்னு ஒங்கிட்டதான சொன்னேன். அடிக்கக்கூடாதுன்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன் டீச்சர்."

பேச்சி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். போர்டில் கணக்கு ஒவ்வொரு வரியாக இறங்கி வரும்போது பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். கடைசி வரி வந்ததும் எச்.எம். பக்கம் திரும்பினாள்.

"சொன்னா டீச்சர். நான்தான் கவனிக்கல."

வாசலில் பேப்பர்க்காரர் நின்றார். பள்ளி முதல் மாணவி என்று என்னை மட்டும் தனியாக நிறுத்திப் போட்டோ எடுத்தார். அறிவியல் எப்படி என்றார். மிகவும் எளிமையாக இருந்தது என்றேன்.

மே 17

என் போட்டோ வந்திருக்கிறது. முழுசாக. அப்பா நாலு பேப்பர் வாங்கினார். அந்த ஹாஸ்டல் பள்ளிக்கூடத்திலேயே எனக்குப் பணம் கட்டிச் சேர்க்கிறாராம்.

மே 18, ஞாயிறு

பேச்சி வந்தாள். கணக்கு கைடையும் ஸ்கேலையும் கொண்டுவந்தாள். கைடுக்குப் புது அட்டை போட்டிருந்தாள்.

"இந்தா ஒன் ஸ்கேலு. நாளைலருந்து மில்லுக்குப் போறேன்."

"வச்சுக்கோட்டி. கொடுத்ததுதானே."

"வேண்டாம்."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. அம்மா அடுப்படியில் இருந்தாள், அவளுக்குக் கேட்காத மாதிரி நான் மெதுவாகக் கேட்டேன். "அன்னைக்கு எச்.எம். முன்னால ஏன் அப்படிச் சொன்ன?"

"எப்படி?"

"நான் சொன்னேன்னு."

"இல்லன்னு சொல்லியிருந்தா அவங்க ஒன்னையத் திட்டியிருப்பாங்க. நீ அழுதிருப்ப. அத்தோட ஒனக்கு முடிஞ்சிருக்கும்." செருப்பை மாட்டிக்கொண்டாள். "முடிய வேண்டாம்னு நெனச்சேன்."

கேட்டைச் சாத்தி, கொண்டியையும் போட்டுவிட்டுத்தான் போனாள்.

அம்மா வந்து, என்னடி சொல்லிட்டுப் போறா என்றாள். ஸ்கேலைத் திருப்பிக் கொடுத்தாள் என்றேன். நல்ல பிள்ளை, தலையெழுத்து என்றாள் அம்மா.

ஹாஸ்டலுக்குப் பெட்டி அடுக்க வேண்டும். இந்த டைரியையும் எடுத்துப்போனால் யாராவது படிப்பார்கள். மார்ச் 27-ஐத் திறந்து ஸ்கேலை மூலைக்கு மூலை வைத்துக் கோடு போட்டேன். ஏப்ரல் 13, 14, 15 வரை போட்டுக்கொண்டே வந்தேன். பேனாவை அழுத்தியே போட்டேன். அடியில் எல்லாம் அப்படியே வாசிக்க முடிகிறது.